காய்க்காத செம்பனையும் என் வாயும்

மூலக்கூறு உயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களில், அதே ஆய்வுக்காக வேப்பிலை அடியும் வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டம் வாங்கிய படம் புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அடி வாங்கிய படம் நல்லவேளையாக யாரிடமும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல ஞாபகசக்தியோடு நலமாக இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நாட்களில் எனக்கு அறிவியலைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. (அறிவியலிலும் ஆய்வுக்கூடத்து இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும் நாட்களில் மட்டும்தான்.) சாமி, முனி, கண்ணேறு என்று யார் பேச்செடுத்தாலும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு கேட்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இப்போது எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றும்.

என் ஆய்வு ஒரு புரதத்தைப் பற்றியது. பாமாயில் தரும் செம்பனையின் பழத்தைக் குறுக்கே வெட்டினால் வெளியே எண்ணெய்ச் சதை, அதற்குள் ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. ஓடு தடித்தால் சதை குறையும், எண்ணெயும் குறையும். ஓடு மெலிந்தால் எண்ணெய் கூடும். ஓடே இல்லாத ரகமும் உண்டு. ஆனால் அதன் குலைகள் பெரும்பாலும் பழுக்காமலே அழுகிப் போகும். இந்த மூன்று கூத்துக்கும் காரணம் ஒரே ஒரு புரதம்தான். தாய் மரத்திலிருந்து ஒன்று, தகப்பன் மரத்திலிருந்து ஒன்று என்று வரும் அதன் ஜீனின் இரண்டு பிரதியும் நன்றாக இருந்தால் தடித்த ஓடு. ஒன்று பழுதானால் மெல்லிய ஓடு. இரண்டுமே பழுதானால் ஓடே கிடையாது.

எனக்கு வேண்டியது இரண்டு பிரதியும் பழுதான ஒரு மரம். அதிலும் இதுவரை யாரும் பார்க்காத புதுப் பழுது. என் பேராசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தெரிந்த பழுதையே திரும்பவும் எழுதினால் அது ஆய்வில்லை, பழைய கதை. புதிதாக ஒன்று கொண்டு வா. இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு முடித்துக்கொள்வோம்." உபகாரச் சம்பளமும் அந்தப் பருவத்தோடு முடிகிறது. நான் தூக்கமில்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பாவின் போன் வந்தது.

சித்தப்பாவுக்குப் புக்கிட் பெலிம்பிங்கில், பழைய தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வாங்கும்போதே வளர்ந்த செம்பனைகளோடு வாங்கியது.

"வாணி, நம்ம நெலத்துல ஒரு மரம் இருக்குலா. வாங்குனதுலேருந்து ஒரு கொலைகூடத் தள்ளல. நீ அந்த மாதிரிதானே தேடிக்கிட்டிருக்கே? வர்றதா இருந்தா இந்த வாரமே வந்திரு. திங்கக்கெழம எக்ஸ்கவேட்டர் வருது. எல்லாத்தயும் சாச்சிட்டுப் புதுக்கன்னு போடப் போறேன்."

சனிக்கிழமை காலையில் போய் நின்றேன். கோலசிலாங்கூர் பட்டணத்தில் இறங்கியபோது, இலை எடுத்த மரங்களுக்கு அடையாளம் கட்ட ஏதாவது வாங்கலாம் என்று ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஆய்வுக்கூடத்து நீல நாடாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். கடையில் மலிவாகக் கிடைத்தது பருத்தித் துணி. நிறம் மஞ்சள். எங்கள் பரம்பரையில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை. மரத்தில் மஞ்சள் துணி கட்டினால் அது சாமிக்கு வேண்டுதல் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் அது அன்றைக்குத் தோன்றவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும் என்பதுதான் தோன்றியது.

பசியாறும்போது சித்தியும் சித்தப்பாவும் நான் என்னதான் படிக்கிறேன் என்று கேட்டார்கள். நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"சித்தப்பா, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏ இருக்கு. அது தோட்டத்து வீட்டு வரிச மாதிரி ஒரு நீளமான லயம்னு வச்சிக்கிங்க. ஒவ்வொரு ஜீனும் ஒரு வீடு. எல்லா வீட்டுலயும் ஆளு இருக்கு, ஆனா எல்லாரும் தூங்குறாங்க. வேல வாங்குற மண்டோர் வந்து கதவத் தட்டுனாத்தான் எழுந்திரிச்சி வேலைக்குப் போவாங்க. இந்தப் புரோட்டீன்தான் அந்த மண்டோர்."

"எந்தக் கதவுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" சித்தப்பா கேட்டார். (நல்ல கேள்வி. என் நேர்முகத் தேர்விலேயே இதைக் கேட்டார்கள்.)

டிஎன்ஏ முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும், அதன் பக்கவாட்டில் பள்ளம் ஓடும் என்றேன். இந்தப் புரதம் தனியாக வராது. இரண்டிரண்டாகக் கைகோர்த்துத்தான் வரும். ஆளுக்கொரு நீளமான சுருள் உண்டு. அந்தச் சுருள்கள் பள்ளத்தில் படுத்து எழுத்துகளைத் தடவிப் பார்க்கும். சரியான எழுத்துகளாக இருந்தால் இறுக்கிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் ஏணியே வளைந்து கொடுக்கும். பிடிக்கிற அந்தப் பகுதியில் ஒரே ஒரு கண்ணி மாறிப்போனாலும் பிடி வழுக்கிவிடும். கதவைத் தட்ட ஆளில்லை, வீட்டுக்காரன் தூங்குவான், பழத்துக்குள் ஓடு உருவாகாது.

"மண்டோர் வரலன்னா வேலை நடக்காது. இதுக்கா ரெண்டு வருசமாப் படிக்கிறே?" என்றார் சித்தப்பா.

சித்தி சிரிக்கவில்லை. "இருட்டுல ரெண்டு பேரு வந்து தடவித் தடவிக் கதவத் தட்டுறாங்கன்னு சொல்றே. கேக்கவே நல்லால்ல. இந்தா, இத வச்சிக்க" என்று என் பைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டார். "உச்சி வேளையில அந்த மரத்துக்கிட்ட நிக்காதே. அவரு நடக்குற நேரம்."

அவர் என்றால் முனியாண்டி. நிலத்தின் எல்லையில், பழைய தோட்டத்து ஆட்கள் நட்ட சூலம் ஒன்றும் கல் ஒன்றும் உண்டு. நான் வழக்கமான சிரிப்பைச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

சித்தப்பா நீளக் கம்பு அரிவாளால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு மட்டையின் நுனியை இழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். நான் இலையில் வட்டவட்டமாகத் துளையிட்டுக் குப்பிகளில் போட்டேன். துணியைக் கிழித்து ஒவ்வொரு மரத்திலும் இரண்டு முடிச்சு போட்டேன். காய்க்காத மரத்தை மட்டும் தனியாகக் காட்ட வேண்டும் என்று துணியை அகலமாகக் கிழித்து மூன்று சுற்று சுற்றினேன். குனியும்போதெல்லாம் பையில் இருந்த எலுமிச்சை விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மஞ்சள் துணி, மரத்தடியில் எலுமிச்சை, தலைவிரிகோலமாக ஒரு பெண். அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். நான் சித்தி வீட்டில் குளித்து முடிப்பதற்குள் கோயில் வாட்சாப் குழுவில் செய்தி போய், அது சுங்கை ஆயர் தாவார் ஊர் வரைக்கும் சேர்ந்துவிட்டதாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் குப்பிகள் இருந்த பெட்டியை மீன் குழம்புக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மிச்ச வரிசைகளை முடிக்கப் புறப்பட்டபோது நேரமாகிவிட்டது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை. முந்தின நாள் குப்பிகளும் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குள் நுழைந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

முற்றிய செம்பனைக் காட்டுக்குள் உச்சி வெயில் இறங்காது. மேலே மட்டைகள் கூடி மூடிக்கொள்ளும். கீழே பாசி படிந்த தண்ணீருக்குள் நிற்பது போல ஒரு பச்சை இருட்டு. அடிமரமெல்லாம் பெரணிச்செடி தொங்கும். காற்றே இல்லாத நேரத்தில் எங்கோ ஒரு மட்டை மட்டும் தானாக ஆடி நிற்கும். பத்தடி நடந்தால் வந்த வழி தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தூண்களாக மரங்கள் நிற்கும்.

முதல் வரிசையில் என் துணிகள் இருந்தன. இரண்டாம் வரிசையிலும் இருந்தன. மூன்றாம் வரிசைக்கு நான் முந்தின நாள் போகவே இல்லை. அங்கேயும் மஞ்சள் துணிகள் தொங்கின.

மறந்துபோய்க் கட்டியிருப்பேன் என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். என்னுடையது இரண்டு முடிச்சு. இது ஒற்றை முடிச்சு. அதற்குள் ஏதோ பொதிந்து கட்டியிருந்தது. துணியில் ஈர மஞ்சள் வாடை அடித்தது. அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கடுத்த மரத்திலும் இருந்தது. நான்காம் வரிசை, ஐந்தாம் வரிசை என்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை அந்தப் பச்சை இருட்டுக்குள் மஞ்சள் மஞ்சளாக அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பார்க்காதபோது அவையே பெருகிவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது சோம்பு வாசனை வந்தது. அடுப்பில் சோம்பு தாளித்தால் வருமே, அப்படியே. சுற்றிலும் வீடில்லை, அடுப்பில்லை. வாசனை காய்க்காத மரத்துப் பக்கமிருந்து வந்தது. நான் அறிவியல் படித்தவள் என்பதால் திரும்பி ஓடாமல் அதை நோக்கி நடந்தேன். (திரும்பி ஓடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மரத்தடியில் என் எலுமிச்சம்பழம் இரண்டாக அறுக்கப்பட்டுக் குங்குமம் தடவிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சுருட்டு. அதன் நுனியில் நெருப்பு கனன்றது. புகை நேராக மேலே போனது. பற்ற வைத்தவர் யாரும் அங்கே இல்லை.

என் தலைக்குப் பின்னால், மிக அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. மெதுவாகத் தலையைத் திருப்பினேன். மேலே ஒரு மரப்பெட்டியின் ஓட்டையிலிருந்து, கண்ணிமைக்காத வெள்ளை முகம் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எலியைப் பிடிப்பதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பார்கள். அதன் முகம் வெள்ளையாக இருக்கும். ஆளைக் கண்டால் மூச்சு விடுவது போலச் சீறும். இதைப் பற்றிப் பள்ளியில் நான் படமெல்லாம் வரைந்து பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த வினாடியில் எனக்குப் பரிசும் ஞாபகமில்லை, கூகையும் ஞாபகமில்லை. என் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தம் எந்த மொழியிலும் சேராது.

ஓடினேன். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடினேன். முகத்தில் மஞ்சள் துணிகள் அறைந்தன, ஒன்று கையோடு வந்துவிட்டது. மட்டைக் குவியலில் இடறி எழுந்து, நிலத்தோரத்து வாய்க்காலுக்குள் இடுப்புவரை விழுந்தேன். பெட்டி திறந்துகொண்டது. என் கண் முன்னாலேயே குப்பிகள் மிதந்து, புரண்டு, சேற்றுத் தண்ணீரோடு போய்விட்டன. காய்க்காத மரத்தின் குப்பியும் போனது. நாளைக் காலையில் மரமும் போய்விடும். அதை நினைத்ததும் பயம் போய் அழுகை வந்தது.

சாலையில் ஏறியபோது என் கோலம் இப்படி: முடி அவிழ்ந்து கிடந்தது, உடம்பெல்லாம் கறுப்புச் சேறு, ஒரு காலில் சப்பாத்து இல்லை, கையில் மஞ்சள் துணி. வாட்சாப் செய்தியைப் பார்த்துக் காலையிலேயே வந்து மரங்களில் துணி கட்டி, சுருட்டு வைத்துவிட்டு, சூலத்துக்குப் பூசை போட வந்த கூட்டம் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவில் பெருமாள் அண்ணன். வார நாட்களில் அவர் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசாரி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "புடிங்க!" என்றார்.

என்னைச் சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். சித்தி அழுதார். யாரோ வேப்பிலை ஒடித்துக் கொடுத்தார்கள். எனக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது, கண் சொருகிக்கொண்டு வந்தது. பெருமாள் அண்ணன் என் உச்சந்தலையில் கையை வைத்து, லோரி ஹாரன் போன்ற குரலில் கேட்டார்.

"யாரு நீ?"

எனக்கு அவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். "என்னத் தெரியலயா உனக்கு?" என்றேன். பல் அடித்துக்கொண்டதில் 'அண்ணே' விழுந்துவிட்டது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"எங்கேருந்து வர்றே?"

"புக்கிட் பெருந்துங்."

"அங்கேருந்து இங்க எதுக்கு வந்தே?"

"மரத்துக்காக. காய்க்காத மரம்."

ஒரு பெண் 'அய்யோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். பெருமாள் அண்ணனின் குரல் தணிந்தது.

"அந்த மரத்துல யாரு இருக்கா?"

இதை நான் அறிவியல் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். பேராசிரியையிடம் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா! "ரெண்டு பேரு. எப்பவும் ஜோடியாத்தான் இருப்பாங்க. கையக் கோத்துக்கிட்டுப் பள்ளத்துல படுத்திருப்பாங்க. தடவித் தடவித் தேடுவாங்க. இந்த மரத்துல ரெண்டு பேருக்கும் கை ஒடஞ்சிருச்சி. புடிக்க முடியல. கதவத் தட்ட முடியல."

முந்தின நாள் இதையே பசியாறும்போது கேட்டிருந்த சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"ஒனக்கு என்ன வேணும்?"

"மரந்தான் வேணும்! வெட்டாதீங்க! வெட்டாதீங்க!" என்று கத்தினேன். என் ஆய்வு, என் உபகாரச் சம்பளம், இரண்டு வருடம் எல்லாம் அந்தக் கத்தலில் இருந்தன. வேப்பிலை பளாரென்று தலையில் இறங்கியது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது சித்தி இனிப்பான மைலோவை வாயருகில் பிடித்திருந்தார். பேச்சில் புது மரியாதை தெரிந்தது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சி. மரத்த வெட்டல. நீதான் சொன்னியே, வெட்டாதீங்க, நான் காய்ப்பேன்னு."

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?"

"சொன்னே. சொல்லிட்டுத்தான் சாஞ்சே."

திங்கட்கிழமை எக்ஸ்கவேட்டர் வந்தது. ஓட்டி வந்த சீன அங்கிள் காடு முழுக்க மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை விட்டு இறங்கவே இல்லை. துணி கட்டிய மரத்தில் கை வைக்க மாட்டேன் என்று திரும்பிவிட்டார். பெருமாள் அண்ணன் வரிசை வரிசையாகப் பூசை போட்டு, வேண்டுதல்காரர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு துணியாக அவிழ்க்க வைத்த பிறகுதான் மற்ற மரங்கள் சாய்ந்தன. காய்க்காத மரம் மட்டும் வெட்டவெளியில் தனியாக நின்றது. சித்தப்பாவின் புதுக்கன்று வேலை என்னால் தள்ளிப்போனது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டப் பயந்தார் என்பதுதான் உண்மை. அதுவே எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

நான் மறுபடியும் இலை எடுத்தேன், பூசாரியின் அனுமதியோடும் சூடத்தோடும். ஆய்வுக்கூடத்தில் முடிவு வந்தது. இரண்டு பிரதியும் சுத்தம். ஒரு கண்ணிகூட மாறவில்லை. பிடிக்கிற கை, படுக்கிற சுருள், எல்லாம் அச்சுக்குலையாமல் இருந்தன. இந்த மரம் தடித்த ஓட்டோடு குலை குலையாகத் தள்ளியிருக்க வேண்டும். புதுப் பழுதுமில்லை, பழைய பழுதுமில்லை.

பேராசிரியை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த மரத்தில் என்ன பூ இருந்தது என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. புரதத்தின் வடிவத்தை ஒவ்வொரு மடிப்பாக வரையத் தெரிந்தவள், அண்ணாந்து மரத்தைப் பார்க்கவில்லை. செம்பனை நெருக்கத்திலும் நிழலிலும் நின்றால் சில சமயம் வெறும் ஆண்பூவாகவே விட்டுக்கொண்டிருக்குமாம். ஆண்பூ சோம்பு மணக்குமாம். என் ஆய்வு கடைசியில் தெரிந்த பழுதையே திரும்பச் சொல்லும் பழைய கதையாக, தேறினால் போதும் என்ற அளவில் தேறியது. அந்த மரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போனேன். மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை வந்தது, மேடைக்குத் தகரக் கூரை வந்தது. ஒருநாள் சித்தப்பாவும் சித்தியும் பெருமாள் அண்ணனின் லோரியிலேயே எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். சித்தப்பா தோளில் கோணிப்பை. கூடத்தில், என் பட்டப் படத்துக்குக் கீழே, அதை அவிழ்த்து வைத்தார். உள்ளே ஒரு செம்பனைக் குலை. குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது.

"மொதக் கொல. ஒனக்குத்தான் மொதல்ல தரணும்னு பெருமாளு சொல்லிட்டான்."

ஒரு பழத்தை எடுத்துக் கத்தியால் வெட்டினேன். தடித்த ஓடு. என் புரதம் சொன்ன அதே ஓடு. மற்ற மரங்களைச் சாய்த்ததும் வெயில் கிடைத்தது, வெயில் கிடைத்ததும் பெண்பூ வந்தது, பெண்பூ வந்ததும் குலை வந்தது என்று விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு சித்தி சொன்னார்: "அதான் அன்னைக்கே சொன்னியே."

பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வெட்டாதீங்க என்று கத்தியது நான்தான். காய்ப்பேன் என்று நான் சொல்லியிருக்க வழியே இல்லை. இரண்டு கையும் உடைந்த மரம் என்று உறுதியாக நம்பியவள் நான். சித்தியைத் தனியாகக் கேட்டேன். பெருமாள் அண்ணனைத் தனியாகக் கேட்டேன். எதற்கெடுத்தாலும் கிண்டல் அடிக்கும் சித்தப்பாவையும் கேட்டேன். மூன்று பேரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். எந்தக் குரலில் சொன்னேன் என்று கேட்டதற்கு மட்டும் சித்தப்பா கிண்டல் அடிக்காமல் பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பரீட்சை வந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்தடித்தாலும், கல்யாணமாகி வருடக்கணக்கில் ஒருத்தி காத்திருந்தாலும், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "யாரு நீ?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "புக்கிட் பெருந்துங்!" என்று கூட்டமே கத்தும். சிரித்து முடித்ததும், "வாணி, அந்த ஒத்த வார்த்தய மட்டும் சொல்லிட்டுப் போயேன்லா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது அவர்கள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

நானும் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொள்கிறேன். அந்த வார்த்தையை இன்றுவரை என் வாயால் சொன்னதில்லை. சொல்லும்போது வருவது என் குரலாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமில்லை.